வடசென்னையிலிருந்து ஜோடியாகத் தொல்லியல் இடங்களுக்கு: திருவொற்றியூரில் தொடங்கி குடியம் குகை வரை முழுமையான வழிகாட்டி

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், வியாசர்பாடி, மாதவரம் பக்கம் இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்கும் மாலுக்கும் போய் அலுத்து, இரண்டு பேருமாகச் சேர்ந்து ஏதாவது பழைய இடம் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இது. நம்ம ஊரிலிருந்து காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்பும் தூரத்தில், உலகத்து ஆராய்ச்சியாளர்கள் தேடி வரும் கற்கால இடங்கள் இருக்கின்றன.

என்னோடு வந்த ஜோடிகளையும், நான் வழி சொல்லி அனுப்பிய ஜோடிகளையும் பார்த்ததில், முக்கால்வாசிப் பேர் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். நேராகத் திருவள்ளூர் பக்கம் காட்டுக்குள் இருக்கும் குடியம் குகைக்குப் போய் நிற்கிறார்கள். வெயிலில் நடந்து, முள் கிழித்து, குகையைப் பார்த்து, "அவ்வளவுதானா?" என்று ஒருவர் கேட்க, கூட்டி வந்தவருக்குக் கோபம் வர, திரும்பும் வழியெல்லாம் பேச்சே இல்லை. குகை மேல் குறை இல்லை. வரிசை தப்பிவிட்டது. கண்ணைப் பழக்காமல் போனால் கற்காலம் வெறும் கல்லாகத்தான் தெரியும். அதனால் கீழே உள்ளதை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள்

இதைத் தாண்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். ஜோடியாகப் போகும்போது ஒருவருக்கு ஆர்வம் ஜாஸ்தி இருக்கும், இன்னொருவர் அவருக்காக வருவார். அது தப்பே இல்லை. ஆனால் அதைச் சொல்லாமல் கிளம்பினால், ஒருவர் ஒரே கல்வெட்டு முன்னால் முக்கால் மணி நேரம் நிற்பார், இன்னொருவர் நிழல் தேடிப் போய் உட்கார்ந்து போனை நோண்டுவார்.

மூன்று விஷயங்களைப் பேசி முடியுங்கள். யாருக்கு என்ன பார்க்க வேண்டும்: ஒருவருக்குக் கல் கருவி, இன்னொருவருக்குக் காடும் போட்டோவும் என்றால் இரண்டுக்கும் நேரம் ஒதுக்கலாம். எவ்வளவு நடக்க முடியும்: முட்டி வலி, மாதவிடாய் நாள், கர்ப்பம் எதுவானாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், காட்டுக்குள் பாதி வழியில் சொல்லிப் பயன் இல்லை. எத்தனை மணிக்குத் திரும்புவது: இதை ஒரு நேரமாகவே முடிவு செய்யுங்கள். "பார்த்துக்கலாம்" என்று விட்டால் ஆர்வம் அதிகம் உள்ளவர் இழுத்துக்கொண்டே போவார்.

இன்னொன்று. "போதும், கிளம்பலாம்" என்று இருவரில் யார் சொன்னாலும் மற்றவர் காரணம் கேட்காமல் கிளம்ப வேண்டும் என்று ஒரு ஒப்பந்தம் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்து தலை சுற்றுகிற ஆளுக்குக் காரணம் விளக்கிக்கொண்டிருக்கத் தெம்பு இருக்காது.

2. திருவொற்றியூரில் கண்ணைப் பழக்குங்கள்

முதல் பயிற்சிக்கு ஊரைத் தாண்டவே வேண்டாம். மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடியில் இறங்கி தியாகராஜர் கோவிலுக்குப் போங்கள். ஆதிபுரீஸ்வரர் விமானம் யானையின் பின்புறம் போல வளைந்திருக்கும், கஜபிருஷ்டம் என்பார்கள். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் கட்டியது. சாமி கும்பிடும்போது பல தடவை சுற்றி வந்திருப்பீர்கள். இந்தத் தடவை சுவரைப் பார்த்துக்கொண்டு சுற்றுங்கள்.

கல்வெட்டு முழுவதையும் படிக்க முயல வேண்டாம், சோர்ந்துவிடுவீர்கள். இரண்டே இரண்டைத் தேடுங்கள். பெரும்பாலான கல்வெட்டுகள் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று கிரந்த எழுத்தில் (சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட பழைய எழுத்து) தொடங்கும், அந்த வடிவம் ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால் எந்தக் கோவிலிலும் கல்வெட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். அடுத்தது 'யாண்டு'. அரசனின் ஆட்சியாண்டைச் சொல்லும் இடம் அது. மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது, அதனால்தான் நமக்குத் திணறல் வருகிறது. ஒருவர் தேட, இன்னொருவர் நோட்டில் வரைந்துகொள்ள என்று பிரித்துக்கொண்டால் ஆர்வம் இல்லாதவருக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

காலையிலேயே போய்விடுங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்தின் பள்ளம் நிழலாகி எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் அதே எழுத்து சுவரோடு சுவராக மறைந்துவிடும். எழுத்து தெரிய வேண்டும் என்று விபூதியோ சாக்பீஸோ தேய்க்கிற பழக்கம் சிலருக்கு உண்டு, அதைச் செய்யவே கூடாது. தேய்க்கத் தேய்க்க எழுத்தின் விளிம்பு மழுங்கும்.

3. எழும்பூர் மியூசியத்தில் கைக்கோடரியைப் பாருங்கள்

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் லைன் மாறினால் அடுத்தது எழும்பூர். அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று போய்க் கேட்டில் நிற்காதீர்கள்.

அங்கே எல்லாவற்றையும் பார்க்கப் புறப்பட்டால் கற்காலப் பகுதிக்கு வரும்போது கால் ஓய்ந்துவிடும். முதலில் கற்காலம், பிறகு நேரமிருந்தால் வெண்கலச் சிலைகள். 1863-ல் பல்லாவரத்திலும், பூண்டி பக்கம் உள்ள அத்திரம்பாக்கத்திலும் கல் கருவிகளைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் சேகரிப்பு இந்த மியூசியத்துக்குத்தான் வந்தது.

ஒரு கைக்கோடரி (காம்பில்லாமல் கையிலேயே பிடித்து வெட்டும் கல் கருவி) முன்னால் நின்று நிதானமாக இதைக் கவனியுங்கள். ஆற்றில் உருண்ட கூழாங்கல் எல்லாப் பக்கமும் வழுவழு என்றிருக்கும். மனிதன் தட்டிய கல்லில் கரண்டியால் சுரண்டி எடுத்த மாதிரி சின்னச் சின்னப் பள்ளங்கள் அடுத்தடுத்து இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு செதில் பெயர்ந்த இடம். கைக்கோடரியில் இந்தப் பள்ளங்கள் இரண்டு முகத்திலும் இருக்கும், இரண்டு முகத்துப் பள்ளங்களும் சந்திக்கும் இடம் கூரான விளிம்பாக ஓடும், மொத்த வடிவமும் ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குவிந்திருக்கும். பெயர்ந்த செதிலை எடுத்துப் பார்த்தால் அடி விழுந்த இடத்துக்குக் கீழே லேசாக ஒரு புடைப்பு தெரியும். தானாக உடைந்த கல்லில் இந்த ஒழுங்கு அநேகமாக இருக்காது.

இந்தப் படியைத் தாண்டிவிட்டு அத்திரம்பாக்கம் போனால் உங்கள் காலடியில் கிடப்பது என்னவென்றே தெரியாது. இது ஒன்றுக்காகத்தான் வரிசையை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

4. மாதத்தையும் கிழமையையும் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

பூண்டி, அத்திரம்பாக்கம், குடியம் மூன்றையும் ஒரே நாளில் பார்க்க ஜனவரி, பிப்ரவரிதான் நல்லது. மார்ச்சுக்குப் பிறகு கல் சூடேறிவிடும். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம்.

மழைக்காலத்தில் இன்னொரு சிக்கல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பூண்டி ஏரி நிரம்பி உபரி நீர் திறந்தால் கொசஸ்தலையாற்றில் வெள்ளம் வரும். நம்ம எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்து சேருகிற அதே ஆறுதான். வழியில் உள்ள தரைப்பாலங்கள் மூழ்கிவிடும். செய்தியில் "பூண்டியிலிருந்து உபரி நீர் திறப்பு" என்று வந்தால் அந்த வாரம் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். தண்ணீர் ஓடுகிற தரைப்பாலத்தை பைக்கில் கடக்க முயலாதீர்கள், முழங்கால் அளவுதானே என்று நினைக்கிற தண்ணீர் வண்டியோடு இழுத்துக்கொண்டு போய்விடும்.

அரசு அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை ஊருக்கு ஊர் மாறும். பூண்டி அருங்காட்சியகம் அன்று திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே போன் செய்து கேட்டுவிடுங்கள். அது மூடியிருந்தால் மொத்தத் திட்டமும் படுத்துவிடும்.

5. அனுமதியும் அடையாள அட்டையும்

குடியம் குகைக்குப் போகும் பாதை காப்புக்காட்டுக்குள் போகிறது. வனத்துறையிடம் கேட்காமல் நுழையக் கூடாது. திருவள்ளூர் மாவட்ட வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்து, எத்தனை பேர், எந்தத் தேதி என்று சொல்லி வழி கேளுங்கள். "யூடியூப்ல எல்லாரும் போறாங்களே" என்பது செக்போஸ்ட்டில் எடுபடாது.

ஆதார் இரண்டு பேரிடமும் இருக்கட்டும், ஒருவருடைய பையில் மொத்தமாக வைக்காதீர்கள். ஜோடியாக ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நின்றால் யாராவது வந்து கேள்வி கேட்பது நம்ம ஊரில் நடக்கத்தான் செய்கிறது. போலீஸ், வனத்துறை கேட்டால் மரியாதையாக அட்டையைக் காட்டி, அனுமதி பற்றிச் சொல்லுங்கள். யாரென்றே தெரியாதவன் வந்து மிரட்டினால் வாதம் செய்யாமல் ஊர்ப்பக்கம் நடந்துவிடுங்கள், 100-க்கு அடியுங்கள். இதனால்தான் குடியத்துக்கு இரண்டே பேராகப் போக வேண்டாம் என்கிறேன். இன்னொரு ஜோடியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள், இரண்டும் செய்தால் இன்னும் நல்லது.

ட்ரோன் எடுத்துப் போக வேண்டாம். மத்திய தொல்லியல் துறை இடங்களில் முன் அனுமதி இல்லாமல் ட்ரைபாடுக்கும் இடமில்லை. கல்யாண போட்டோஷூட் என்று கேமராமேனோடு போகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

6. பையில் என்ன இருக்க வேண்டும்

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். நிறைய என்று தோன்றும், குடியம் நடைக்கு அது போதும் போதாது என்றுதான் இருக்கும். இரண்டு பேரும் தனித்தனியாகச் சுமக்க வேண்டும். எல்லாத் தண்ணீரையும் அவர் சுமக்கட்டும் என்று விட்டால், வழியில் பிரிந்து நிற்க நேரும்போது ஒருவரிடம் ஒரு சொட்டும் இருக்காது.

மூடிய ஷூ, சாக்ஸ், முழுக்கால் பேன்ட். செருப்பு போட்டு வந்தவர்களைப் பாதி வழியில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முள் செருப்பின் அடியைத் துளைத்து ஏறிவிடும். சேலை வேண்டாம், துப்பட்டாவைத் தலையில் கட்டிக்கொள்ளலாம், தொங்கவிட்டால் புதரில் மாட்டும்.

புளிசாதமோ எலுமிச்சை சாதமோ கட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் ஓஆர்எஸ் இரண்டு பாக்கெட், டார்ச், பேன்ட்எய்ட், தொப்பி, சானிட்டரி நாப்கின், கழிவை வைக்க ஒரு மூடிய கவர், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க். காட்டுக்குள் சிக்னல் வராது, ஆஃப்லைன் மேப்பை வீட்டிலேயே இறக்கிவிடுங்கள். ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள், எதற்கென்று ஒன்பதாவது படியில் சொல்கிறேன்.

சென்ட் அடித்துக்கொள்ள வேண்டாம். பாறை விளிம்புகளில் மலைத்தேனீக் கூடு இருக்கலாம், கடும் வாசனையும் புகையும் அவற்றைக் கிளப்பிவிடும்.

7. வீட்டிலிருந்து பூண்டி வரை

ரயிலில் போவதானால் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைக்காரர்கள் பேசின்பிரிட்ஜில் இறங்கி திருவள்ளூர் போகும் லோக்கலைப் பிடிக்க வேண்டும். வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு நேரடியாகவே வண்டி. திருவள்ளூரில் இறங்கி, பூண்டிக்கு பஸ். அங்கிருந்து மற்ற இரண்டு இடங்களுக்கும் பஸ்ஸை நம்ப முடியாது, திருவள்ளூரிலேயே நாள் வாடகைக்கு ஆட்டோ பேசிவிடுவது நல்லது. எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், குடியத்தில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே பேசி வாடகையை முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் சாயங்காலம் தகராறு.

பைக்கில் போகிறவர்கள் மாதவரம், செங்குன்றம் வழியாகத் திருவள்ளூர் ரோட்டைப் பிடிக்கலாம். விடிகாலை 5 மணிக்கே கிளம்புங்கள். மணலி, மாதவரம் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசை கட்டிவிட்டால் அந்த ஒரு பகுதியைத் தாண்டவே முதல் தெம்பெல்லாம் போய்விடும். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

கழிப்பறை விஷயத்தை வெட்கப்படாமல் திட்டமிடுங்கள். திருவள்ளூரைத் தாண்டினால் பெண்களுக்கு நம்பகமான இடம் கிடைப்பது கஷ்டம். இதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வருகிற பெண்கள் நிறைய, மதியத்தில் மயக்கம் வருவது அவர்களுக்குத்தான். திருவள்ளூரில் நிறுத்துங்கள், பூண்டியில் கேளுங்கள், கூட வருபவர் "இப்பதானே போனே" என்று சொல்லாமல் இருக்க வேண்டும்.

8. பூண்டி அருங்காட்சியகம்: அன்றைய முதல் நிறுத்தம்

மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் கற்கால அருங்காட்சியகம் இது. எழும்பூரில் பார்த்ததை இங்கே மறுபடி பார்ப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே இருப்பவை இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடைத்தவை, அதே நிறம், அதே குவார்ட்சைட் (கெட்டியான ஒரு வகைப் பாறை) கல், இன்னும் சிறிது நேரத்தில் நீங்கள் நிற்கப் போகும் மண். நிறத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

பணியில் இருப்பவரிடம் பேசுங்கள். ஒரு வணக்கம், எங்கிருந்து வருகிறோம், எதைப் பார்க்க ஆசை என்று இரண்டு வார்த்தை சொன்னால் கண்ணாடிப் பெட்டியில் எழுதியிராத பல விஷயங்கள் கிடைக்கும். அத்திரம்பாக்கத்தில் எந்தப் பக்கம் போகலாம், குடியத்துக்கு இன்று வழி எப்படி என்பதெல்லாம் மேப்பைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஏரிக்கரை போட்டோவைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். காலை நேரத்தை அதில் விட்டால் குகை நடை உச்சி வெயிலில் விழும்.

9. அத்திரம்பாக்கம்: கண்ணுக்கு எதுவும் தெரியாத இடம்

சொல்லிவிட்டே அழைத்துப் போங்கள்: அங்கே கோட்டை இல்லை, சிலை இல்லை, சுவர் இல்லை. புதர், செம்மண், ஓடை அரித்த பள்ளம், சிதறிய கல். இதை முன்கூட்டியே சொல்லாததுதான் பெரும்பாலான ஏமாற்றத்துக்குக் காரணம்.

ஆனால் அந்த மண்ணின் அடியில் உள்ள களிமண் அடுக்கிலிருந்து எடுத்த கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமை என்று 2011-ல் கணித்தார்கள். மேலே உள்ள அடுக்கில், கருவி செய்யும் முறையே மாறிவிட்டிருக்கிறது, பெரிய கோடரிகள் குறைந்து சின்னச் செதில் கருவிகள் வருகின்றன. அந்த மாற்றம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018-ல் வெளியான ஆய்வு சொன்னது. ஒரே இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக, நம்மைப் போன்ற மனிதன் உருவாவதற்கு முன்பிருந்த கைகளின் வேலை. இதை நின்ற இடத்தில் ஒருவர் சத்தமாகச் சொல்லுங்கள், கூட வந்தவரின் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

தொல்லியல் துறையின் பலகை இருக்கும் இடம், வேலி போட்ட இடம் எதுவானாலும் தாண்டிக் குதிக்காதீர்கள். ஊரில் கேட்டு, அனுமதிக்கும் பாதையில் மட்டும் நடங்கள். குனிந்து பாருங்கள். மியூசியத்தில் பார்த்த அந்தப் பள்ளங்கள் உள்ள கல் கண்ணில் படும். அப்போது இப்படிச் செய்யுங்கள்: கல்லை எடுக்காமல், பக்கத்தில் அந்த ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து மேலிருந்து ஒரு போட்டோ, சாய்வாக ஒரு போட்டோ. நாணயம் இருந்தால்தான் கல்லின் அளவு பிறகு பார்ப்பவருக்குப் புரியும். நாணயத்தை எடுத்துக்கொண்டு கல்லை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

10. கல்லை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்

இதற்குத் தனிப் படி போடக் காரணம், மிக நல்ல மனிதர்கள்கூட இதைச் செய்கிறார்கள். "நம்ம முதல் ட்ரிப் ஞாபகமா ஒண்ணே ஒண்ணு" என்று பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறார்கள்.

ஒரு கருவியின் மதிப்பு அது கிடந்த இடத்தில் இருக்கிறது. எந்த அடுக்கில், எதன் பக்கத்தில், எந்தப் பக்கம் கவிழ்ந்து கிடந்தது என்பதை வைத்துத்தான் ஆராய்ச்சியாளர்கள் காலம் கணிக்கிறார்கள். ஷோகேஸில் வைத்த அன்றே அந்தத் தகவல் அழிந்துவிட்டது, பிறகு திருப்பிக் கொண்டுபோய் வைத்தாலும் வராது. பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சேதப்படுத்தினால் 1958-ம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பாறையிலோ சுவரிலோ பெயரைச் செதுக்கி இதயம் போடுகிறவர்களுக்கும் இதே சட்டம்தான். உங்கள் பெயர்கள் சேர்ந்திருக்க வேண்டும் என்றால் மியூசியத்தின் வருகைப் பதிவேட்டில் எழுதுங்கள், அங்கே கேட்டு வாங்கியே எழுதிக்கொள்வார்கள்.

பானை ஓடோ, சிலையோ, புதைந்த ஏதாவதோ புதிதாக வெளிப்பட்டிருப்பதைப் பார்த்தால் தோண்டாதீர்கள். இடத்தைப் போட்டோ எடுத்து, அந்த ஊர் விஏஓ-விடமோ தாசில்தார் அலுவலகத்திலோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். சோஷியல் மீடியாவில் லொகேஷனோடு போட்டால் உங்களுக்கு முன்னால் வேறு ஆள் கடப்பாரையோடு போய்விடுவான்.

11. குடியம் குகை

குடியம் ஊரோடு வண்டிப் பாதை முடிந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேப்பில் குத்திய புள்ளி குகையைக் காட்டும், ஆனால் அதுவரை வண்டி போகும் என்று அர்த்தம் இல்லை. ஊரில் பெரியவர் ஒருவரிடம் வழிகாட்ட ஆள் கேளுங்கள். "ஐயா, குகைக்குப் போகணும், பாதை தெரிஞ்சவங்க யாராவது வருவாங்களா?" என்றால் போதும். கூலியை முதலிலேயே பேசிக் கொடுங்கள், ஒரு நாள் வேலையை விட்டு வருகிறார். கிளைப்பாதைகள் நிறைய, புதரெல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ஆள் இல்லாமல் போனவர்கள் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நடக்கும்போது மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். வேகமாக நடப்பவர் முன்னால் போனால் இடைவெளி கூடிக்கொண்டே போகும், திரும்பிப் பார்த்து "சீக்கிரம் வா" என்பார், அங்கேதான் முதல் சண்டை ஆரம்பிக்கும். மெதுவானவர் முன்னால் இருந்தால் அவர் வேகமே மொத்த வேகம், யாரும் தொலைய மாட்டார்கள்.

தண்ணீர் பாதி தீர்ந்த இடத்தில் நீங்கள் இன்னும் குகையை அடையவில்லை என்றால் திரும்பிவிடுங்கள். திரும்பும் வழிக்கு மீதிப் பாதி வேண்டும். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்பது ஒரு காரணமே இல்லை.

குகைக்கு வந்ததும் உடனே போட்டோ எடுக்காமல், உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, கூரையையும் சுவரையும் பாருங்கள். பாறை முழுவதும் உருண்டைக் கற்கள் பதிந்திருக்கும், சிலது எலுமிச்சை அளவு, சிலது இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய அளவு. எப்போதோ ஓடிய ஆறு உருட்டிவந்த கற்கள் இறுகிப் பாறையானது இது. பாறை சிதைந்து அந்த உருண்டைகள் உதிர்ந்து விழும். அத்திரம்பாக்கத்திலும் பூண்டியிலும் பார்த்த கருவிகள் இந்த வகைக் குவார்ட்சைட் கல்லில் செய்ததுதான். கருவிக்கு வேண்டிய கச்சாப்பொருள் இப்படி மலையிலிருந்தே உதிர்ந்து கிடைத்த ஊர் இது. மியூசியம், மண், மலை என்று மூன்றும் இங்கேதான் ஒன்றோடொன்று பொருந்தும், அதனால்தான் குகையைக் கடைசியில் வைத்தேன்.

குகையில் ஊர்க்காரர்கள் அம்மனைக் கும்பிடுகிறார்கள். செருப்பை எங்கே கழற்ற வேண்டும் என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். பாறைமேல் கற்பூரம் ஏற்றாதீர்கள், எண்ணெய் ஊற்றாதீர்கள், கரிப்புகை போகவே போகாது. தொங்கும் பாறைக்கு நேர் கீழே படுத்து ஓய்வெடுக்கவும் வேண்டாம், மேலே பதிந்திருக்கும் கல் எப்போது விழும் என்று சொல்ல முடியாது.

போட்டோவுக்கு நேரம் இங்கே கொடுங்கள். முதல் படியில் பேசினீர்களே, போட்டோ ஆசைப்பட்டவருக்கு இதுதான் பங்கு. மற்றவர் சலிக்காமல் எடுத்துக்கொடுக்க வேண்டும். மதியம் 2 மணிக்குள் கீழே நடக்கத் தொடங்கிவிடுங்கள்.

12. வீடு திரும்பிய இரவு

தூங்கும் முன் போட்டோக்களை இடவாரியாகப் பிரித்துப் பெயர் வைத்துவிடுங்கள். மறுநாள் பார்த்தால் எந்தக் கல் எந்த இடம் என்று இரண்டு பேருக்கும் இரண்டு ஞாபகம் இருக்கும். உடம்பில், குறிப்பாகக் காது மடலுக்குப் பின்னால், முட்டி மடிப்பில், உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் நசுக்காமல், தோலோடு ஒட்டிய இடத்தில் சின்ன இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து எடுக்கவும். அடுத்த சில நாளில் காய்ச்சலோ, கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கோ வந்தால் டாக்டரிடம் காட்டுக்குப் போனதைச் சொல்ல வேண்டும்.

13. அடுத்து எங்கே

அரை நாள்தான் இருக்கிறது என்றால் பழவேற்காடு. பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ். டச்சுக் கல்லறைத் தோட்டம் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, 17-ம் நூற்றாண்டுதான், கற்காலம் இல்லை. ஆனால் வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்க்கவே போகலாம். நடை கம்மி, வயதானவர்களையும் கூட்டிப் போகலாம்.

முழு நாள் என்றால் மாமல்லபுரம். வடசென்னைக்காரர்கள் மொத்த ஊரையும் குறுக்கே கடக்க வேண்டும், அதனால் இருட்டோடு கிளம்பி 7 மணிக்கு அர்ச்சுனன் தபசு முன்னால் நிற்கிற மாதிரி பாருங்கள். அந்தப் பாறை கிழக்கு பார்த்தது, காலை வெயிலில்தான் ஒவ்வொரு உருவமும் தனித்தனியாக எழுந்து நிற்கும். தவம் செய்யும் பூனையை இருவரில் யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் என்று பாருங்கள். கடற்கரைக் கோவில், ஐந்து ரதம் இரண்டுக்கும் ஒரே டிக்கெட், கிழித்துப் போட்டுவிடாதீர்கள். திரும்பும்போது சாளுவன்குப்பத்தில் நிறுத்தி, 2004 சுனாமிக்குப் பிறகு தோண்டி எடுத்த முருகன் கோவிலின் செங்கல் அடித்தளத்தைப் பாருங்கள். மண்ணுக்கு அடியில் அடுக்கடுக்காகக் காலம் இருக்கும் என்று அத்திரம்பாக்கத்தில் சொல்லக் கேட்டதை, இங்கே கருங்கல்லுக்குக் கீழே செங்கல்லாகக் கண்ணாலேயே பார்க்கலாம்.

கீழடிக்கு ஒரு இரவு தங்க வேண்டும். மதுரையில் ரூம் எடுக்கும்போது இரண்டு பேரின் ஆதாரும் கேட்பார்கள். அங்கேயும் வரிசை இதேதான்: முதலில் அருங்காட்சியகம், பிறகு அகழாய்வுக் குழிகள்.